பினாங்கில் ஒரு தையல் பாடம்

பினாங்குக்குப் போகும் நம்மவர்கள் தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டு, கொடிமலை ஏறி, பாம்புக் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை ஜார்ஜ் டவுனின் பழைய வீதிகளுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். நாடக உடை தைப்பவர்களிடம் அவர்கள் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

முதலில் எங்கள் தோட்டத்துக் கதை. திருவிழா நாடகத்தில் அர்ச்சுனனுக்குச் சட்டை தைத்த அக்காள் கைதேர்ந்தவர். எடுத்த அளவில் குறையே இல்லை. ஆனால் மேடையில் அர்ச்சுனன் வில்லை வளைத்ததும் அக்குளில் டர்ரென்று கிழிந்தது! ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கையைத் தூக்குவீர்களா?" என்று அக்காள் கேட்கவில்லை. "பிடிக்கிறது" என்று நடிகரும் சொல்லவில்லை. அதன் பிறகு அந்த அக்காள் நாடகத்துக்கு ஊசி எடுக்கவே இல்லை.

சரி, பட்டர்வொர்த்தில் படகேறி ஜார்ஜ் டவுனில் இறங்குவோம். 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவித்த நகரம் இது. கொஞ்சம் நடந்தால் லிட்டில் இந்தியா, 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், சேலைக் கடைகள். அங்கே ஒரு நீலத் துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கடை வெளிச்சத்தில் அழகாக இருக்கும். மேடையில் மஞ்சள் விளக்கு விழுந்தால் அதுவே மங்கிக் கறுத்துவிடும். ஆகவே நாடகத்துக்குத் துணி எடுப்பவர் விளக்குக்காரரைக் கேட்காமல் எடுக்கலாகாது.

அடுத்து ஆர்மீனியன் வீதி. தியோச்சூ சீனரின் பொம்மலாட்டத்துக்கும் இசை நாடகத்துக்குமாக 2014-இல் இங்கே ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். தியோச்சூ பொம்மைக்கு முதுகில் ஒரு கம்பி, கைகளுக்கு இரண்டு கம்பி. கம்பி அசைய இடம்விட்டுத்தான் பொம்மைக்குச் சட்டை தைக்க வேண்டும். சீன நாடகத்தில் நடிகையின் சட்டைக் கையோடு நீண்ட வெள்ளைப் பட்டும் தொங்கும். அழுகை, நாணம், கோபம் எல்லாவற்றையும் அந்தப் பட்டை வீசியே காட்டுவாள். அது எத்தனை நீளம் வேண்டும் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். சீனரின் ஏழாம் மாதத்தில் போனால், வீதியில் மேடை கட்டி ஆடும் நாடகங்களையே பார்க்கலாம்.

மலாய்க்காரரின் பங்சாவான் நாடகத்துக்கும் பினாங்குதான் தாய்வீடு. 1870-களில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் இங்கே வந்து ஆடின. ஒரு குழு கலைந்தபோது அதன் உடைகளையும் மேடைச் சாமான்களையும் உள்ளூர்க்காரர்கள் வாங்கிக்கொண்டதாகச் சொல்வார்கள். 1885-இல் புஷி இந்திரா பங்சாவான் என்ற குழு தோன்றியது. அரபுக் கதை, இந்தியக் கதை, சீனக் கதை எல்லாம் பங்சாவான் மேடையில் ஏறின. ஒருவர் வழக்கத்தை மற்றவரிடம் கேட்டறியாமல் இத்தனை வேடங்கள் கட்ட முடியுமா?

இந்தக் கலைகளைப் படிப்பாக்கியதும் இதே தீவுதான். 1969-இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1970-இலேயே குலாம் சர்வார் யூசோப் நிகழ்கலைப் படிப்பைத் தொடங்கினார். 1999 முதல் ஆர்ட்ஸ்-எட் என்ற அமைப்பு ஜார்ஜ் டவுன் சிறுவர்களைப் பழைய வீதிகளுக்கு அனுப்பி, கைவினைஞரிடமும் பெரியவர்களிடமும் பேசிக் கற்க வைத்தது.

நாடக உடைக் கல்வியில் ஊசி பிடிப்பது பாதிதான். இயக்குநர் என்ன நினைக்கிறார் என்று கேட்க வேண்டும். படம் வரைபவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், உடுத்துபவர் ஒருவர். மூவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். உடுத்துபவரை நடக்க, உட்கார, கை தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். குறை சொன்னால், அது தைத்தவரைப் பற்றியதல்ல, துணியைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் தாய்மார்கள் கிராணி முன்னால் வாய் திறக்க அஞ்சி வாழ்ந்தவர்கள். "சொன்னதைச் செய்" என்பதே அவர்கள் கேட்ட பாடம். கைத்திறமைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. கேட்கும் துணிச்சல்தான் வேண்டும்.

பள்ளியிலோ கோயிலிலோ அடுத்த நாடகம் வரும்போது, தைக்கும் மகளையும் நடிக்கும் பையனையும் முன்கூட்டியே எதிரெதிரே உட்கார வையுங்கள். அளவு நாடாவை எடுக்குமுன் அவள் ஒரு கேள்வி கேட்கட்டும். அர்ச்சுனன் நிம்மதியாக வில்லை வளைப்பான். அவளும் அடுத்த ஆண்டு மறுபடி ஊசி எடுப்பாள்.