ஒரே பெயருக்குள் பல உயிர்கள்

நெடுந்தீவின் வேலிகளையும் யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களையும் பார்த்தவர்களுக்கு முருகைக்கல் புதிதல்ல. தமிழகத்தில் பவளப்பாறை என்பார்கள். நாம் கல்லென்று எடுத்துக் கட்டிய அது, கடலுக்கடியில் இரண்டு உயிர்கள் சேர்ந்து நடத்திய குடித்தனத்தின் மிச்சம்.

ஒன்று, முருகைப் பூச்சி. மற்றது, அதன் உடலின் கலங்களுக்குள் குடியிருக்கும் நுண்ணிய அல்கா. சூரிய ஒளியைக் கொண்டு அல்கா ஆக்கும் உணவின் பெரும்பகுதி பூச்சிக்குப் போகிறது. பூச்சியோ அதற்கு இடமும் உரமும் தருகிறது. கடல் அளவுக்கு மீறிச் சூடேறினால் இந்த உறவு முறிகிறது. அல்கா வெளியேற, முருகை வெளிறுகிறது. சூடு நீடித்தால் பட்டினியால் மடிகிறது. தெற்கே ஹிக்கடுவையில் 1998இல் நடந்தது அதுதான்.

இந்த அல்காவுக்கு 1962இல் ஹியூகோ புரொய்டென்தால் என்ற ஆய்வாளர் சிம்பயோடினியம் என்று பெயரிட்டார். உலகின் முருகைகளில் எல்லாம் இருப்பது ஒரே இனமே என்று நெடுங்காலம் பலரும் எண்ணியிருந்தார்கள். நுணுக்குக்காட்டியில் எல்லாமே பழுப்பு நிற உருண்டைகள், வேறென்ன நினைப்பது? 1991இல் ரொப் ரோவன், டெனிஸ் பவர்ஸ் என்னும் இருவர் அவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். தோற்றத்தில் இரட்டையர் போன்றவை, வம்சத்தில் வெகுதூரத்து உறவினர் என்பது தெரியவந்தது. 2018இல் அந்த ஒற்றைப் பேரினம் பலவாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் வெப்பத்தைத் தாங்குவதில் பேர்பெற்ற ஒன்றுக்கு டியூருஸ்டினியம் என்று பெயர். இலத்தீனில் 'டியூருஸ்' என்றால் கடினமானது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைத்தொடரில் செய்யப்பட்டு 2006இல் வெளியான ஆய்வொன்று விடை தருகிறது. வெப்பமான இடத்துக்கு மாற்றப்பட்ட சில முருகைகள், தம்முள் மேலோங்கியிருந்த அல்காவுக்குப் பதிலாக இந்தக் கடினமான வகை மேலோங்கப்பெற்று, 1 முதல் 1.5 பாகை செல்சியஸ் வரை கூடுதல் வெப்பத்தைத் தாங்கின. ஆனால் இலவசமாக அல்ல. இத்தகைய அல்காவைக் கொண்ட முருகைகள் மெதுவாக வளர்வதாக வேறு ஆய்வுகள் காட்டின. தாக்குப்பிடிக்கும் குடியிருப்பாளன் வாடகையைக் குறைத்தே கொடுக்கிறான்!

ஒன்றரைப் பாகை என்பது சிறு அவகாசமே. 2024 ஏப்ரலில், உலகளாவிய வெளிறல் நான்காவது தடவையாக நிகழ்வதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அந்த அவகாசமும், பலவகை அல்காக்கள் எஞ்சியிருக்கும் வரைதான்.

கடலின் வெப்பத்தைத் தணிக்க நம்மைப் போன்ற சிறுநாடு தனியே அதிகம் செய்துவிட முடியாது. ஆனால் சுண்ணாம்புக்காக முருகையைத் தோண்டியவர்கள் நாம். டைனமைற் வீசி மீன் பிடித்தவர்களும் நாம். ஒரு பாறையைத் தகர்க்கும்போது, கண்ணுக்குத் தெரியாத, இன்னும் பெயரிடப்படாத எத்தனையோ வம்சங்களையும் சேர்த்தே அழிக்கிறோம். அவற்றுள் நாளைய வெப்பத்தைத் தாங்கவல்லது எதுவென்று அறியும் முன்னரே அழித்துவிடக் கூடாது என்பதே என் கவலை.