பெயருள் மறைந்த செடிகள்

விளக்கேற்றிய பின் திண்ணையிலமர்ந்து விடுகதை அவிழ்ப்பது யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றில் வழக்கமாயிருந்தது. கொழும்பில் வளர்ந்த பேரனொருவன் விடுமுறைக்கு வந்திருந்தபொழுது, அப்பாச்சி அவனை மடக்கப் பார்த்தார்.

"முழுதாய் நின்றால் குளத்தில் மலரும், தலையை வெட்டினால் காட்டில் மேயும், இடையை வெட்டினால் நீராய் ஒழுகும். அது என்ன?"

பேரன் தாளில் எழுத்துக்களைப் பிரித்துப் பார்த்துத் தாமரையைக் கண்டுகொண்டான். மரையும் தாரையும் அவன் புத்தகத்திற் கற்ற சொற்களே.

அடுத்தது அவ்வாறன்று. "பெயரில் ஆடு உண்டு, ஆடோ அதை உண்ணாது." எழுத்தை எவ்வாறு வெட்டியும் விடை வரவில்லை. வருவதெங்ஙனம்? இருமலுக்கு அவித்துக் குடிக்கும் ஆடாதோடையை 'ஆடு தொடாத இலை' என விரித்துப் பொருள் கூறுவர். வேலியோரத்தில் ஆடு அதனை முகர்ந்துவிட்டு விலகுவதைக் கண்டவர்க்கே அப்புதிர் எளிதில் அவிழும். எழுத்தைக் கொண்டு கட்டிய புதிரினும் கண்டறிவைக் கொண்டு கட்டியதே, இலக்கண ஆசிரியர்கள் முகஞ்சுளிப்பினும், உயர்ந்தது.

மறுநாட் காலை பேரன் அயல்வீட்டு ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வேலி வேலியாகத் திரிந்தான். அது தீண்டாது விட்ட இலைகளையெல்லாம் பறித்துவந்தான். பார்வை மங்கிய அப்பாச்சி அவற்றை ஒவ்வொன்றாகக் கசக்கி மணந்தார். நான்காவது இலையிற் சிரித்தார்.