பையைக் காணல்லியே: ராத்தாவின் சத்திரசிகிச்சையும் ஊர் கேட்ட கேள்வியும்

ராத்தாவுக்கு இரைப்பையைச் சின்னதாக்குகிற சத்திரசிகிச்சை நடந்தது என்று கோமாரியில் பரவின நாளிலிருந்து எங்களிடம் ஒரே கேள்விதான். "ட்ரெய்ன் போடல்லியா?" பாடசாலை வாசலில் கேட்டார்கள், பொத்துவில் சந்தையில் கேட்டார்கள், இப்போது இன்பொக்ஸிலும் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துவிட்டோம். அதனால் இங்கே நீளமாக எழுதுகிறோம். ராத்தாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். "எழுதுங்க, ஆனா எத்தின கிலோ எண்டு மட்டும் எழுதப்படாது" என்று சொன்னா. எழுதவில்லை.

கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். எங்கட சாச்சிக்குப் பல வருசத்துக்கு முன் பித்தப்பையில் சத்திரசிகிச்சை நடந்தது. வயிற்றின் பக்கத்தால் ஒரு குழாய், அதன் நுனியில் ஒரு பை. வார்டில் அதைக் கையில் தூக்கிக்கொண்டு, கலியாண வீட்டுக்கு ஹேண்ட்பேக் கொண்டு போவது போலத்தான் நடப்பா. பார்க்க வந்தவர்கள் எல்லாம் முதலில் பையைத்தான் பார்ப்பார்கள். எவ்வளவு வடிந்திருக்கு, என்ன நிறம், நேற்றையை விடக் குறைவா? அதைப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. ராத்தாவைப் பார்க்க நெஸ்டமோல்ட்டும் பிஸ்கட்டுமாக வந்தவர்கள் கட்டிலின் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார்கள். "என்ன புள்ள, பையக் காணல்லியே?" ஒரு மாமி நேராகவே சொன்னா: "அவசரத்தில உட்டுட்டானுகள் போல."

விடவில்லை, மாமி. வேண்டாம் என்றுதான் போடவில்லை.

போவதற்கு முன் எங்களுக்கும் பயம் இருந்தது. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைக்குப் பக்கத்தில் பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைக்கிற சத்திரசிகிச்சைக்குப் போய் மௌத்தான செய்தியை எங்கட குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டார்கள். 26 வயது. தமிழ்நாடு அரசு விசாரணை வைத்தது. உம்மா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அந்தப் பையனுக்கு உயிராபத்து வந்தது சத்திரசிகிச்சை மேசையிலேயே. குழாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குச் சம்பந்தமில்லை. எந்த ஆபத்துக்கு எது காவல் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் வீட்டில் பேசிக்கொண்டோம்.

ராத்தாவுக்குச் செய்தது ஸ்லீவ் என்கிற முறை. சின்னச் சின்னத் துளைகள் போட்டு, கமெராவால் பார்த்து, இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் ஒரு வாழைப்பழம் போல நீளமாக நிற்கும். வெட்டுகிற கருவியே கம்பி வைத்துத் தைத்தும் விடுகிறது. பயம் அந்தத் தையல் கோட்டில்தான். ஒன்று, அதிலிருந்து இரத்தம் கசியலாம். மற்றது, கோடு எங்காவது விட்டு, இரைப்பையில் உள்ளது வயிற்றுக்குள் ஒழுகலாம். ஒழுக்கு நூற்றில் ஒருவர் இருவருக்கு வருகிறது என்பார்கள். குறைவுதான், ஆனால் வந்தால் உயிரோடு விளையாடும். அந்தக் கசிவையும் ஒழுக்கையும் முதலிலேயே காட்டிக் கொடுக்கட்டும் என்றுதான் ஒரு காலத்தில் எல்லோருக்கும் குழாய் போட்டார்கள்.

குழாய் வைப்பது பழைய விசயம். வயிற்றில் நீர் கோர்த்தவர்களுக்குச் சின்னத் துளையிட்டுக் குழாயால் வடிப்பதை ஆயிரம் வருசத்துக்கு முன்னரே குர்துபாவின் அஸ்-ஸஹ்ராவி தன்னுடைய தஸ்ரீஃபில் எழுதியிருக்கிறார். றப்பர் குழாயை 1859இல் பிரான்சின் சசெய்ஞாக் கொண்டுவந்தார். 1871இல் விக்டோரியா மகாராணியின் அக்குளில் வந்த சீழ்க்கட்டிக்கு லிஸ்டர் வைத்ததும் றப்பர் குழாய்தான். சந்தேகம் வந்தால் குழாயைப் போடு என்பது அந்தக் காலத்து வைத்தியர்களின் பேச்சு.

ஆனால் சீழ்க்கட்டி வேறு, வயிற்றின் உட்பக்கம் வேறு. எங்கட பக்கத்து விவசாயிகளுக்கு இதை இலேசாகச் சொல்லலாம். வயலில் ஒரு மூலையில் வடிச்சல் வெட்டினால் அந்த மூலைத் தண்ணிதான் போகும். நடுவில் ஒரு வரம்பு இருந்தால் அப்பால் நிற்கிற தண்ணி அங்கேயே நிற்கும். வயிற்றுக்குள் குழாய் போட்டதும் உடம்பு அதை வெளிப் பொருளாகக் கண்டு, குடலும் கொழுப்புச் சவ்வும் சுற்றிவர ஒட்டிக்கொள்கின்றன. சில மணித்தியாலத்திலேயே குழாயைச் சுற்றி ஒரு வரம்பு. யேட்ஸ் என்கிற அமெரிக்க வைத்தியர் 1905இலேயே சோதித்துப் பார்த்து, முழு வயிற்றையும் குழாயால் வடிக்க ஏலாது என்று எழுதிவிட்டார். இரத்தம் கசிந்தாலும் கட்டிபட்டுக் குழாயை அடைத்துவிடலாம். பை காலியாக இருக்கும், உள்ளே இரத்தம் சேரும். பையைப் பார்த்து நிம்மதி அடைகிற ஊருக்கு இதுதான் சொல்ல வேண்டிய செய்தி.

இன்னொன்று, நாள் கணக்கு. குழாய் போட்டாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் எடுத்துவிடுவார்கள், கூட நாள் வைத்தால் அந்த வழியால் கிருமி உள்ளே போகலாம் என்று. ஆனால் ஸ்லீவின் ஒழுக்கு பல பேருக்கு வெளிப்படுவது ஆள் வீட்டுக்குப் போன பிறகு, ஐந்தாம் ஆறாம் நாளிலோ அதற்கும் பிறகோ. காவல்காரன் போன பிறகு வருகிற கள்ளன். சத்திரசிகிச்சைக்குப் பின் ஆளைச் சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்க வழிகாட்டல் எழுதுகிற ஈராஸ் என்கிற சர்வதேச அமைப்பும், எடைக்குறைப்பு சத்திரசிகிச்சைக்கான 2021 வழிகாட்டலில் வயிற்றுக் குழாயை வழக்கமாக எல்லோருக்கும் போட வேண்டாம் என்கிறது. குழாய் இல்லாதவர் அன்று பின்னேரமே எழும்பி நடக்கிறார், நோவும் குறைவு. ராத்தா, பை தொங்கும்போது எப்படித் தொழுவது என்று மௌலவியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தா. அது தேவைப்படவில்லை.

குழாயே கூடாது என்று இதை யாரும் விளங்க வேண்டாம். முன்பு ஒரு தடவை இரைப்பையில் வெட்டின ஆளுக்கு மறுபடி செய்யும்போது, இரத்தம் நிற்கச் சுணங்கும்போது, மேசையில் நீலச் சாயம் ஊற்றிப் பார்த்துத் தையலில் சந்தேகம் வந்தால் வைத்தியர் போடுவார். ஒழுக்கு வந்துவிட்டால் அப்போது குழாய்தான் மருந்து. ஒழுகினது தேங்கி நிற்கிற இடத்தைப் பார்த்து அங்கே வைப்பார்கள். இன்றைக்கும் எல்லோருக்கும் போடுகிற வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் காரணம் உண்டு: ஒழுக்கு வருகிற ஒருவருக்குக் குழாய் சரியான இடத்தில் ஏற்கனவே கிடந்தால் மறுபடி வெட்டாமல் தப்பலாம்.

எங்களுக்குப் பெரிய பிரச்சினை குழாயல்ல, தூரம். சத்திரசிகிச்சை கொழும்பில். கோமாரி 300 கிலோமீற்றருக்கு அப்பால், இரவில் லாகுகல காட்டுப் பாதையில் யானை நின்றால் அதுவும் நகரும் வரை நிற்க வேண்டும். அதனால் ஒரு கிழமை தெமட்டகொடையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். வரும்போது வைத்தியர் சொன்னது: நாடித்துடிப்பை எண்ணுங்கள். சும்மா படுத்திருக்கும்போது 100க்கு மேலேயே நின்றால் கோல் எடுங்கள், 120 என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல், இடது தோளில் நோவு, மூச்சு வாங்குவது, இவற்றையும் பாருங்கள். வயிற்று நோவு பெரிதாக இல்லாமலே ஒழுக்கு இருக்கலாம், நாடிதான் முதலில் ஓடத் தொடங்கும்.

பத்தாம் நாள் இரவு இஷாவுக்குப் பிறகு எண்ணியபோது 116. கால் மணித்தியாலம் கழித்து 118. காய்ச்சல் இல்லை, தலைச்சுற்று இருந்தது. 1990 சுவசெரியவுக்கு அடித்தோம். வாகனம் வரும் வரை உம்மா தஸ்பீஹ் மணியோடு கதவடியில் நின்றா. ஆதார வைத்தியசாலையில் அன்றிரவு இருந்த டொக்டர் சின்னப் பிள்ளை, ஸ்லீவ் செய்த ஆளை அன்றுதான் நேரில் பார்க்கிறாராம். ஆனால் டயக்னோசிஸ் கார்டும் கொழும்பு வைத்தியரின் கடிதமும் எங்கள் கையில் இருந்தன. வாசித்துவிட்டு அவரே கொழும்புக்கு அழைத்துப் பேசினார். இரத்தம் எடுத்தார்கள், சலைன் ஏற்றினார்கள். சலைனுக்கும் நாடி இறங்காவிட்டால் ஸ்கேனுக்கு அனுப்புவது என்று முடிவு. சுபஹுக்குப் பாங்கு சொல்லும்போது 88. ஒழுக்கு இல்லை. ராத்தா தண்ணி போதுமாகக் குடிக்கவில்லை. அந்தச் சின்ன இரைப்பையில் ஒரு மிடறு மிடறாகத்தான் இறங்கும், நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அந்த வெயிலில் அது அவவுக்கு ஏலவில்லை.

விடிந்ததும் அதே மாமி வந்தா. "குழாய் இருந்திருந்தா இந்த அலைச்சல் இல்லியே." பத்தாம் நாள் குழாய் எப்படி மாமி இருக்கும், இரண்டாம் நாளே எடுத்திருப்பார்கள் என்றோம். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவட மகனுக்கும் நாடி எண்ணக் காட்டித் தரச் சொன்னா.

எங்களோடு படிப்பிக்கிற ஒருவர் அவருடைய மனைவியை அடுத்த மாதம் இதே சத்திரசிகிச்சைக்குக் கூட்டிப் போகிறார். ட்ரெய்ன் போடச் சொல்லி வைத்தியரிடம் கேட்கவா என்றார். போடச் சொல்ல வேண்டாம், போடுவீர்களா, ஏன் என்று கேளுங்கள் என்றோம். போட்டால் எப்போது எடுப்பார்கள், வீட்டுக்கு வந்த பிறகு எந்த இலக்கத்துக்கு யார் இரவில் பதில் சொல்வார்கள், எத்தனை நாள் கொழும்பில் தங்க வேண்டும் என்று நாங்கள் கேட்டவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கடிதத்தைப் படம் பிடித்துப் போனில் வைக்கவும் சொன்னோம். வினாடி முள் உள்ள பழைய மணிக்கூடு ஒன்று ராத்தாவிடம் இருக்கிறது. அதை நாளைக்குப் பாடசாலைக்குக் கொண்டு வருகிறோம்.