பனிமலைப் பயணத்துக்கு ஒரு கோப்பு

முப்பத்தாறு வருஷம் சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு, எதையும் கோப்பு போட்டுப் பார்த்தால்தான் மனசு அடங்கும். வரும் பிப்ரவரியில், பிரான்சில் இருக்கும் மகள் குடும்பத்தோடு ஆல்ப்ஸ் மலையில் ஒரு வாரம் தங்கலாம் என்று பேச்சு எழுந்தது. உடனே பழைய அட்டைக் கோப்பு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, மேலே ‘பனி’ என்று எழுதினேன். இரண்டாம் நாளே அந்தக் கோப்பில் ஓர் ஆட்சேபணை விழுந்தது. போட்டவர் என் மனைவி.

“நான் வரல. நீங்க போயிட்டு வாங்க.”

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். டிசம்பர் மாதம் வந்தால் எங்கள் வாசகப் புத்தகத்தில் ‘நேஜ்’ விழ ஆரம்பித்துவிடும். வெளியே புதுச்சேரியில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தெருவெல்லாம் சேறு. உள்ளே நாங்கள் நீலத்தாளில் ஓட்டு வீடு வரைந்து, அதன்மேல் சுண்ணாம்பைத் தொட்டுப் புள்ளி வைத்துக்கொண்டிருப்போம். ‘ஃப்லொகோன்’ என்றால் பனித்துகள் என்று டிக்தேயில் தப்பில்லாமல் எழுதுவேன். நமக்குத் தெரிந்ததெல்லாம் மார்கழி விடியலில் தலையில் துண்டு கட்ட வைக்கும் பனிதான். அதுவும் பனி, இதுவும் பனி.

நிஜப் பனியை நான் முதலில் மிதித்தது 2014 பிப்ரவரியில். மாப்பிள்ளையின் தாத்தா சொல்தா. 1962-ல் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அவர் பிரெஞ்சு என்று எழுதிக் கொடுத்தார். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் அவர்கள் பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள், நான் விசாவுக்கு வரிசையில் நிற்கிறேன். அந்த வருஷம் மாப்பிள்ளை எங்கள் இருவரையும் சுமார் 2000 மீட்டர் உயரத்தில் இருந்த ஒரு நிலையத்துக்கு அழைத்துப் போனார். பெயர் வேண்டாம். அடுக்கடுக்காகக் கட்டடங்கள், சுற்றிலும் வெள்ளை, வாசலிலேயே ஸ்கீ பலகையை மாட்டிக்கொண்டு சறுக்கிப் போகலாம். எனக்கு ஏக குஷி. காலையில் பேரனைச் சறுக்குப் பள்ளியில் விட்டுவிட்டு, கீழே இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்து, மகளும் மாப்பிள்ளையும் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மனைவி முழங்கால் வலி என்று அறையிலேயே இருந்தாள். சாயங்காலம் போய்க் கதை கதையாகச் சொல்வேன். அவளும் கேட்டுக்கொள்வாள். ஓய்வு எடுக்கிறாள் என்றே நினைத்திருந்தேன்.

இந்த முறை ஏன் வரமாட்டாய் என்று நான் மூன்று நாள் விடாமல் கேட்டேன். நான்காம் நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

“எதிர்க் கட்டடத்துல எத்தன ஜன்னல்னு உங்களுக்குத் தெரியுமா? எண்பத்து நாலு. ஆறு நாளும் எண்ணினேன்.”

பதினோரு வருஷம் சொல்லாமல் வைத்திருந்த கணக்கு. எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, “பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க. ஆசையா கூட்டிட்டுப் போச்சு, பாவம்” என்றாள். மகள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், இவ்வளவு நீளம் படிக்கமாட்டாள். இதை இங்கே எழுதும் தைரியம் அதனால்தான்.

இப்போது கோப்பின் தலைப்பே மாறிவிட்டது. எங்கே பனி நன்றாக இருக்கும் என்பது இல்லை கேள்வி. பனியில் சறுக்காத ஒருத்தி காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை என்ன செய்வாள் என்பதுதான்.

மாப்பிள்ளை அனுப்பியிருந்த யோசனை மறுபடியும் அதே மாதிரி உயரமான நிலையம்தான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 1960-களிலும் 70-களிலும் பிரெஞ்சு அரசாங்கமே முன்னின்று, மேய்ச்சல் நிலமாகக் கிடந்த மலை உச்சிகளில் இப்படிப்பட்ட ஊர்களை எழுப்பியது. சறுக்குகிறவனை மனதில் வைத்துக் கட்டியவை. அவனுக்கு அவை சொர்க்கம். சறுக்காதவருக்கு ஒரு மளிகைக்கடை, ஒரு காப்பிக் கடை, எதிர்க் கட்டடம்.

மலையடிவாரத்தில் பழைய கிராமங்களும் இருக்கின்றன. பனிச்சறுக்கு வருவதற்கு முன்பே மனுஷர் வாழ்ந்த ஊர்கள். கோயில் மணி, சந்தை, ரொட்டிக்கடை, தெருவில் நாயோடு நடக்கும் கிழவர் என்று எல்லாம் உண்டு. ஆனால் உயரம் குறைவு. இப்போது குளிர்காலம் வெதுவெதுப்பாகிக்கொண்டே வருவதால் தாழ்வான ஊர்களில் பனி நிச்சயமில்லை. “மாமா, பச்சைப் புல்லுல சறுக்க முடியாதே” என்றார் மாப்பிள்ளை. நியாயமான ஆட்சேபணை. கோப்பில் குறித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் வரைபடத்தைப் பார்த்ததில் ஒரு வழி தெரிந்தது. ஓத் சவுவா மாவட்டத்தில் ஃப்ளேன் என்று ஒரு நிலையம் இருக்கிறது. 1600 மீட்டர் உயரம். மார்செல் ப்ரூயர் என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் முழுக்கக் கான்கிரீட்டில் வடிவமைத்த ஊர். அதே மலையின் இன்னொரு பக்கத்து அடிவாரத்தில், சுமார் 700 மீட்டரில் இருப்பது சமுவேன் கிராமம். எழுத்தில் கடைசியாக வரும் ‘ஸ்’ உச்சரிப்பில் வராது. இரண்டு ஊரும் கிரான் மசீஃப் என்ற ஒரே சறுக்குப் பரப்பைச் சேர்ந்தவை. சமுவேனில் தங்குகிறவர் கேபிள் பெட்டியில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் 1600 மீட்டருக்குப் போய்விடலாம். பனி மேலே இருக்கிறது, ஊர் கீழே இருக்கிறது. மாப்பிள்ளைக்கு வேண்டியது மேலே, என் மனைவிக்கு வேண்டியது கீழே.

சமுவேன் கல்தச்சர்களின் ஊர். சதுக்கத்தில் ஒரு பெரிய லிண்டன் மரம் நிற்கிறது, 1438-ல் நட்டது என்கிறார்கள். புதன்கிழமை சந்தை. பாரிஸில் ‘சமரித்தேன்’ என்ற பெரிய பல்பொருள் அங்காடியை நம்மவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அதைக் கணவரோடு சேர்ந்து வளர்த்தெடுத்த மரி-லூயிஸ் ஜாய் 1838-ல் இந்த ஊரில்தான் பிறந்தார். ஏழைக் குடும்பம். சிறு வயதிலேயே பிழைப்புக்கு வெளியே போய், பாரிஸில் கடைப் பெண்ணாக வேலை செய்து முன்னுக்கு வந்தவர். பிற்காலத்தில் பிறந்த ஊருக்கு மலைச்சரிவில் ஒரு தாவரத் தோட்டம் அமைத்துக் கொடுத்தார். இதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “ஊரை மறக்கல பாருங்க” என்றாள். ஆட்சேபணை கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது.

மகளிடம் உண்மைக் காரணத்தைச் சொல்லக் கூடாதே. “எனக்குத்தாம்மா பழைய கிராமம் பார்க்கணும்னு ஆசை, எழுபத்தைஞ்சு வயசுல கேக்கறேன்” என்று பழியை என் தலையில் போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளை கேபிள் பெட்டி விவரத்தைச் சரிபார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

பிறகு விவரங்கள். நம் வாசகர்கள் பலருக்குப் பிள்ளைகள் அங்கே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரிப் பள்ளி விடுமுறையைப் பிரான்சில் அ, பே, செ என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம், தேதிகள் முன்பின்னாக வரும். பாரிஸ் செ மண்டலம். இரண்டு மண்டலம் சேர்ந்து வரும் வாரத்தில் வாடகையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். இந்த விடுமுறையில் வாடகை வீடு பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான். அதனால் ஊரே சனிக்கிழமை ரோட்டில் நிற்கும். சறுக்குப் பாதைகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுத்திருக்கிறார்கள், கறுப்புதான் கடினம். நெடுஞ்சாலை நெரிசலுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று அரசாங்கமே நாள் குறித்து அறிவிக்கிறது. இரண்டு கறுப்பையும் தவிர்க்க வேண்டும் என்று கோப்பில் எழுதினேன். காரில் போனால் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பல மலைப் பகுதிகளில் குளிர்கால டயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் பனிச் சங்கிலியாவது வண்டியில் இருக்க வேண்டும். ரயில் என்றால் க்ளூஸ் வரை போய், அங்கிருந்து பேருந்து.

வீட்டு ஒப்பந்தத்தை நான்தான் வரி வரியாகப் படித்தேன். மகளுக்குப் பொறுமை கிடையாது. ‘ஆறு பேருக்கு’ என்று போட்டிருந்த ஒரு வீட்டில் இரண்டு பேர் நடைவழியில் அடுக்குக் கட்டிலில் படுக்க வேண்டும். அதைத் தள்ளிவிட்டு, சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஜன்னலில் தெரு தெரிகிற ஒரு வீட்டைப் பிடித்தேன். ஜன்னலிலிருந்து என்ன தெரியும் என்று கேட்டு நானே பிரெஞ்சில் கடிதம் எழுதினேன், ‘வெய்யே அக்ரேயே, மதாம்’ என்று பழைய முறையில் முடித்து. ‘போன்ஜூர், தெருவும் மலையும்’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்கு மேல் எனக்கும் வேறு என்ன வேண்டும்?

எங்கள் விசா தனிக் கதை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்துதான் மனு கொடுக்க முடியும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். வீட்டில் தங்க வைக்கிறேன் என்று மகள் அவள் ஊர் மேரியில் அத்தாட்சி வாங்கி அனுப்ப வேண்டும். நம் வயதுக்குக் காப்பீட்டுத் தொகை கூடுதலாகத்தான் வருகிறது, முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

வயதானவர்களுக்கு இன்னொன்று. விழுகிற பனி ஆபத்தில்லை. மிதிபட்டு இறுகிக் கண்ணாடி மாதிரி ஆன பனிதான் இடுப்பை உடைக்கும். காலணியின்மேல் மாட்டிக்கொள்ளும் முள் வைத்த ரப்பர் உறை கிடைக்கிறது. இரண்டு ஜோடி வாங்கச் சொல்லியிருக்கிறேன். கேபிள் பெட்டிகளில் சறுக்காமல் ஏறி இறங்குவோருக்கும் தனி டிக்கெட் உண்டு. ஒரு நாள் இருவரும் மேலே போய்ப் பேத்தி சறுக்குவதைப் பார்க்கலாம். ஒரு நாள் பக்கத்து சிக்ஸ்ட் ஊருக்குப் போய், குதிரை லாடம் மாதிரி வளைந்து நிற்கும் மலைச்சுவரைப் பார்க்கலாம். புதன் சந்தை. மற்ற நாட்களில் எதுவும் இல்லை. மனைவி எங்கே இருக்கிறாளோ அங்கேயே நானும் இருப்பது என்று குறித்திருக்கிறேன். இந்தக் குறிப்பை அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

எல்லாம் தயாரானதும், அலுவலகத்தில் அதிகாரி முன்னால் வைப்பது போல, கோப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பிரெஞ்சில் இருந்ததையெல்லாம் தாண்டிவிட்டுத் தமிழில் நான் எழுதிய பக்கத்தில் நின்றாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கோப்பை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து குரல் வந்தது:

“படுக்கை விரிப்பு நாமதான் கொண்டு போகணும்னு போட்டிருக்கே. எத்தன கட்டில்?”

நான்கு என்று சொன்னேன். அன்று சாயங்காலமே பரணிலிருந்து பெட்டி இறங்கிவிட்டது.