மன்னார்த் தீவில் இரண்டு நாட்கள்

மன்னார்த் தீவைக் கடந்து சென்றவர்கள் பல்லாயிரம் பேர். அதைப் பார்ப்பதற்கென்றே சென்றவர்கள் சிலர்தாம். 1914 மார்ச்சில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியது. அதன் பின்னர் சென்னை எழும்பூரில் வாங்கிய பயணச்சீட்டுடன் கொழும்பு வரை வந்துவிடலாம் என்றாயிற்று. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து வந்தது. எப்படியாயினும், வெளியூரவருக்குத் தீவு ஒரு வழி. போய்ச் சேரும் இடமன்று.

நாங்கள் நால்வர் அதைப் பார்ப்பதற்கென்றே சென்றோம். அது 1983 பெப்ரவரி மாதம். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பு மாணவர்களாக ஒரே விடுதியில் தங்கியிருந்தோம். ஒருவன் பேசாலையைச் சேர்ந்தவன், இன்னொருவன் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவன். மற்ற இருவரும் குடாநாட்டைத் தாண்டி அதிகம் போயிராதவர்கள். "உங்கட ஊரில அப்பிடி என்னடா இருக்கு?" என்ற எங்கள் கேலிக்கு மறுமொழியாக அமைந்ததே அந்தப் பயணம். வெள்ளி இரவு தபால் வண்டியில் மதவாச்சி வரை சென்று, விடியுமுன் கொழும்பிலிருந்து வந்த தலைமன்னார் வண்டியில் ஏறினோம்.

வண்டியில் கால் வைக்க இடமில்லை. தகரப் பெட்டிகள், பாய்ச்சுருள்கள், பாத்திர மூட்டைகள், அவற்றின் நடுவே உறங்கும் பிள்ளைகள். மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்படும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அந்தக் கணக்கு 18 ஆண்டுகளின் பின்னரும் முடியாதிருந்தது. அவ்வண்டிக்கு மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டிருந்ததை நான் பின்னரே அறிந்தேன். அன்று எவரும் அழவில்லை. தோட்டத்தைவிட்டுப் புறப்படும்போதே அழுது முடித்திருப்பார்கள்.

முருங்கன் தாண்டியதும் ஒரு மூதாட்டி என்னிடம் கேட்டார்: "தம்பி, அங்கிட்டு எறங்கின பொறகு நாங்க எந்தப் பக்கம் போகணுங்க?" தமக்குத் திருச்சிப் பக்கம் என்று எழுதித் தந்திருப்பதாகச் சொன்னார். பிறந்தது, மணம் முடித்தது, கொழுந்து பறித்தது எல்லாம் இங்கேதான்; இந்தியாவை அவர் பார்த்ததேயில்லை. நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களுக்கும் தெரியாது.

தலைமன்னார் இறங்குதுறையில் கப்பல் நின்றது. வரிசையில் நின்ற அவர்களைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு நாங்கள் வெளிச்சவீட்டுப் பக்கம் நடந்தோம். அதற்கப்பால் கடலில் மணல் தீடைகள் தொடங்குகின்றன. இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் அவற்றை அழைப்பர். பதினேழு வயதில் மனம் எளிதில் திசைமாறும். சற்று நேரத்தில் கடலில் குதித்துக் கும்மாளமிட்டோம்.

பகல் பேசாலையில் கழிந்தது. நண்பனின் தாயார் விளைமீன் சொதியும் அவித்த பனங்கிழங்கும் தந்தார். இரவு எருக்கலம்பிட்டி. அங்கே ஒரே சஹனைச் சுற்றி நால்வரும் அமர்ந்து உண்டோம். அப்படி உண்பது எனக்கு முதல் தடவை. "வெக்கப்படாம சாப்பிடுங்க மகன்" என்று நண்பனின் உம்மா கதவின் பின்னிருந்து சொல்லிக்கொண்டேயிருந்தார்.

ஞாயிறு காலை பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தைக் கண்டோம். அதன் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். அரேபிய வணிகர் கொண்டுவந்த இனம் என்பது வழக்கு. நால்வரும் கைகோத்தும் அதன் பாதியைக்கூட வளைக்க முடியவில்லை. போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றிய கோட்டையையும் பார்த்தோம். தெருவெல்லாம் கழுதைகள். ஊர் திரும்ப பஸ் ஏறியபோது தாம்போதியின் இருபுறமும் பூநாரைகள் நின்றன.

ஐந்து மாதங்களின் பின்னர் ஜூலைக் கலவரம் வந்தது. கப்பல் 1984இல் நின்றது. புகையிரதம் 1990இல் நின்றது. அதே 1990இல் போர் மீண்டும் மூண்டபோது, பேசாலை நண்பனின் குடும்பம் இரவில் படகேறி இராமேஸ்வரம் சென்று மண்டபம் முகாமில் தங்கியது. ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினர். 70,000க்கும் மேற்பட்டோர் ஊரிழந்தனர். எருக்கலம்பிட்டி மக்கள் கையில் கிடைத்ததுடன் கடற்கரைக்கு வந்து கற்பிட்டிக்கு வள்ளங்களில் ஏறினர்.

பல ஆண்டுகளின் பின்னர், செய்தி சேகரிக்கப் புத்தளம் சென்றபோது எருக்கலம்பிட்டி நண்பனை ஓர் ஓலைக் குடிலில் சந்தித்தேன். தேநீர் தந்தான். ஊர்க்கதைகள் முடிந்த பின்னர் சொன்னான்: "கோச்சியில அந்தக் கிழவி கேட்டது நினைவிருக்கா? கற்பிட்டியில இறங்கினதும் எங்கட உம்மாவும் அதையேதான் கேட்டா. இனி எந்தப் பக்கம் மகன் போறது எண்டு."

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அவன் என்னைக் குற்றஞ்சாட்டவுமில்லை. தமிழர் பட்ட துயரைப் பக்கம் பக்கமாக எழுதிய பத்திரிகைகளில் அவனது தாயின் கேள்விக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. மலையக மூதாட்டியின் கேள்விக்குக் கிடைத்தது அதனினும் சிறிது.

2015 மார்ச் 14 முதல் புகையிரதம் மீண்டும் தலைமன்னார் வரை ஓடுகிறது. கப்பல் பற்றிய பேச்சு பலமுறை எழுந்து அடங்கிவிட்டது. தெற்குக் கரையில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. மேலும் காற்றாலைகள் வேண்டாம், கனிய மணலை அகழ வேண்டாம் என்று 2025இல் தீவின் மக்கள் தெருவில் இறங்கினர். அப்போராட்டத்தில் கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாக நின்றனர். மூன்று திசைகளில் மக்களை அனுப்பிய தீவு அது. அங்கே எஞ்சியோரும் மீண்டோரும் 'இனி எங்கும் போகமாட்டோம்' என்று சொல்வதாகவே நான் அதை விளங்கிக்கொள்கிறேன்.

புலம்பெயர் நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் இப்போது மன்னாருக்கும் செல்கின்றனர். பெருக்கமரத்தின் முன் நின்று படம் எடுக்கின்றனர். எடுக்கட்டும். ஆனால் இரண்டு நாட்கள் தங்குங்கள். பேசாலையில் ஒரு வேளை, எருக்கலம்பிட்டியில் ஒரு வேளை உண்ணுங்கள். உங்களுக்குச் சோறு போடுபவர்களிடம், 1990இல் எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பதற்கு அந்த இரண்டு நாட்களும் போதாமற் போகலாம்.