அக்கா வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி

கொஸ்லந்த என்றதும் பலருக்கு 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி மீரியபெத்தையில் நிகழ்ந்த மண்சரிவே நினைவுக்கு வரும். எனக்கு அது பிறந்த ஊர். இன்றும் என் அக்கா வாழும் ஊர்.

1980களில், எங்கள் லயத்துக்கு மின்சாரம் வருமுன்னரே, அப்பா ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினார். கார் பட்டரியில் இயங்கும். பட்டரியைச் சுமந்து சென்று கடைவீதியில் சார்ஜ் ஏற்றி வருவது என் வேலை. அந்தப் பெட்டி பழுதாகிப் பல காலமாகியும் அக்கா அதை வீட்டுக்குள் வைத்திருந்தார். கடந்த ஆண்டு சென்றிருந்தபோது, "இடத்தை அடைக்கிறது, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள்" என்று நான்தான் சொன்னேன்.

மறுநாள் காலை ஓடைப் பக்கம் நடந்தேன். படக்குழாய் உடைந்து கிடந்தது. செம்புச் சுருளை மட்டும் கழற்றிக்கொண்டு, வயர்களை எரித்த கரி. அருகே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தனர்.

இலத்திரனியல் கழிவுகளைச் சேகரிக்கவும் கொண்டுசெல்லவும் மீள்சுழற்சி செய்யவும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற விதி 2008இல் வர்த்தமானியில் வெளியானது. அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவன் நான். படக்குழாய்க் கண்ணாடியிலும் சுற்றுப்பலகையின் பற்றாசிலும் ஈயம் உண்டு என்பதும், வயரின் பிளாஸ்டிக் உறை எரிந்தால் டையொக்சின் என்னும் நஞ்சு வெளியாகும் என்பதும் நான் அறியாதவை அல்ல. ஆனாலும், கொழும்பில் எழுதியது சொந்த லயத்தின் இஸ்தோப்பில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை.

இந்தப் பக்கத்து நீர் பூனாகலை ஓயாவில் சேர்ந்து, தியலும நீர்வீழ்ச்சியாக 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. பின்னர் கிரிந்தி ஓயாவோடு லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தை அடைந்து, திஸ்ஸமகாராமவின் வயல்களுக்குப் பாய்கிறது. நாம் கரையில் போடுவது நம்மோடு நிற்பதில்லை.

அந்த வியாபாரியையும் குறை சொல்ல மனம் வரவில்லை. செம்புக்கு விலை உண்டு. நஞ்சுக்கு விலை கொடுப்பார் யார்? ஐக்கிய நாடுகளின் கணக்குப்படி 2022இல் உலகில் சேர்ந்த இலத்திரனியல் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன். அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே.

கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் கட்டினேன். பார்த்துக்கொண்டிருந்த அக்கா, பழுதான இரண்டு கையடக்கத் தொலைபேசிகளையும் ஒரு டோர்ச் லைட்டையும் எடுத்து வந்தார். "அப்போ இதையெல்லாம் எங்கே குடுக்கிறது தம்பி?" என்று கேட்டார்.

கொழும்புக்குக் கொண்டுவந்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைத்தேன். ஆனால் எல்லா லயத்திலும் கொழும்புக்குப் போகும் தம்பி ஒருவன் இருக்க மாட்டான். தேயிலை ஏற்றிய லொறிகள் மலையிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொரு கொழுந்து மடுவத்திலும் ஒரு பெட்டி வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை அதே லொறியில் அனுப்பினால் என்ன? தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் ஒருநாள் கூடிப் பேசினால் முடியக்கூடிய காரியம்தான். அடுத்த முறை கொஸ்லந்த செல்லும்போது அந்தப் பேச்சைத் தொடங்கிவைக்க எண்ணியிருக்கிறேன்.