ஊஞ்சல் பலகையிலிருந்து ஒரு பேனா

திருச்சி மலைக்கோட்டைக்குக் கீழே, பாத்திரக் கடைகளின் சத்தம் எட்டும் ஒரு சந்தில் இருக்கிறது அந்தக் கடைசல் பட்டறை. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில்தான் நிற்க வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த அம்மாள் மஞ்சள் பையைத் திறந்து ஒரு தேக்குத் துண்டை மேசைமேல் வைக்கிறார். உத்தர வீதி வீட்டை விற்றாகிவிட்டது. ஊஞ்சல் பலகையைக் கொண்டுபோய் வைக்க எந்தப் பிள்ளையின் குடியிருப்பிலும் இடம் இல்லை. அதிலிருந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பேனா வேண்டும்.

"ஆணி கீணி இருக்குமாம்மா?"

"வளையம் மாட்டற எடத்தை விட்டுட்டுத்தான் அறுத்துண்டு வரச் சொன்னேன்."

பட்டறைப் பெரியவர் தலையாட்டுகிறார். ஆனாலும் ஒரு காந்தத்தை எடுத்துத் துண்டு முழுக்க ஓட்டிப் பார்க்கிறார். ஓர் ஆணி போதும், உளி போய்விடும்.

மேற்பரப்பு கறுத்திருக்கிறது. எத்தனையோ வருட எண்ணெயும் வியர்வையும். இழைப்புளி இரண்டு முறை போனதும் உள்ளே தேன் நிறம், தேக்கின் அந்தத் தோல் வாசம். அம்மாள் கிட்டே வந்து முகர்ந்து பார்க்கிறார். யாரும் பேசவில்லை.

முக்கால் அங்குலக் கட்டையாக அறுத்து, மூடிக்கு இவ்வளவு, உடம்புக்கு இவ்வளவு என்று பென்சிலால் கோடு போடுகிறார். இரண்டும் ஒரே துண்டில் அடுத்தடுத்து வர வேண்டும். மூடியைப் போட்டபின் மரத்தின் ரேகை அறுபடாமல் ஓட வேண்டுமே. பிறகு லேத்தில் பிடித்து நடுவே துளை. இங்கேதான் அவசரக்காரன் மரத்தை இழப்பான். கொஞ்சம் உள்ளே, உடனே வெளியே. துருவலைத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே. தொடர்ந்து தள்ளினால் சூடேறிக் கட்டை பிளந்துவிடும்.

துளைக்குள் எபோனைட் குழல் இறங்குகிறது. கந்தகம் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கிய ரப்பர் அது. மரம் மையைக் குடித்துவிடும், ஊறி வெடித்தும்விடும். மரத்தில் மறை வெட்டினால் பொடிந்துபோகும். அதனால் மை நிற்பதும் மூடி திருகுவதும் எபோனைட்டில். கை தொடுவது மட்டும் மரம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், பசை பிடிக்க முதலில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறார். இப்படிச் சின்னச் சின்னதாக அவருக்குத் தெரிந்தவை எதுவும் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதி வைக்க வேண்டியவை.

பசை இறுகிய பின் லேத் ஓடுகிறது. சதுரக் கட்டை சுழலும்போது விளிம்பு புகைபோல மங்கித் தெரிகிறது. உளி பட்டதும் தடதடவென்று அதிர்ந்து, மூலைகள் கழியக் கழியச் சத்தம் ஒரே சீராகிறது. பார்வை உளியில் இல்லை, கட்டையின் மேல் விளிம்பில். சுருள் சுருளாய் மரம் முழங்கைவரை படிகிறது. நடுவே நிறுத்தி உளியைத் தீட்டுகிறார். தேக்குக்குள் மணல்சத்து உண்டு, முனையைச் சீக்கிரம் மழுக்கும்.

திருச்சிக்கு லேத் புதிதல்ல. 1928இல் பொன்மலை ரயில்வே பணிமனை வந்தது, 1960களில் பெல் கொதிகலன் ஆலை. இந்த ஊரில் இரும்பு கடையத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். கையால் கடைந்த பேனாவுக்கும் இங்கே ஒரு மரபு உண்டு. திருச்சியின் கிம் பேனாவையும் திருவள்ளூரின் ரங்கா பேனாவையும் ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ராஜமுந்திரியின் ரத்னம், காந்தி சொன்னதற்காகவே சுதேசிப் பேனா செய்தவர். இந்தப் பெரியவருக்குக் கடைப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது.

"எழுதற மாதிரி பிடிங்கம்மா."

அம்மாள் முழுமை பெறாத பேனாவைப் பிடிக்கிறார். விரல் அழுந்தும் இடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி லேத்தில் ஏற்றி, அங்கே மட்டும் ஒரு மயிரிழை எடுக்கிறார். ஆலையில் வரும் பேனா எந்தக் கைக்கும் இப்படி நிற்காது.

உப்புத்தாள் முரடிலிருந்து நைசுக்கு. ஒவ்வொன்றுக்கும் பின் லேத்தை நிறுத்தி, ரேகையோடு நீளவாக்கில் ஒரு தேய்ப்பு; இல்லாவிட்டால் வளையக் கீறல் தங்கிவிடும். கடைசியில் மெழுகு. துணியை அழுத்தியதும் சூட்டில் உருகி, ரேகைகள் எழுந்து வருகின்றன. நிப்பையும் அடிக்கட்டையையும் செருகி, மை நிரப்பி, கணக்கு நோட்டை நகர்த்துகிறார். அம்மாள் முதலில் எழுதுவது "ஸ்ரீ". பிறகு வீட்டின் பழைய கதவு எண்.

கூலி கேட்டதற்கு அவர் சொன்ன தொகை, ஒரு நாள் உழைப்புக்குக் குறைவு. அம்மாள் பேரம் பேசாமல் கொடுக்கிறார்.

வீட்டை இடிப்பவர்கள், விற்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தூணோ கட்டிலோ ஊஞ்சலோ பழைய மரக்கடைக்குப் போகும் முன் ஒரு சாண் அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையத் தெரிந்தவரைத் தேடிப் பிடியுங்கள். கூலியைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.